லூர்துசாமியின் மாடும் சூசையம்மாளின் கண்ணும்

அட்டுவம்பட்டியில் ஆராய்ச்சி மனப்பான்மை உள்ளவர் யார் என்று எழுபத்தெட்டாம் வருஷத்தில் கேட்டிருந்தால், பால்காரர் லூர்துசாமி தன்னைத்தானே கைகாட்டியிருப்பார். இருந்தது ஒரு செவலை மாடு. பகை ஊர் முழுக்க. உடன்பிறந்த தம்பியோடுகூடப் பேச்சு அற்றுப்போயிருந்தது. எந்தக் கெடுதலுக்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்குக் கையும் காலும் உண்டு, அது பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கும் என்பது அவர் கண்டறிந்த தத்துவம்.

அந்த வருஷ மழையில் செவலை உதைக்க ஆரம்பித்தது. சில காலைகளில் மட்டும். பால் செம்பு உருளும், பின்னாலேயே லூர்துசாமியும் உருளுவார். எழுந்து சேற்றை வழித்துக்கொண்டு பார்த்தால், கொட்டகைக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் பக்கத்து வீட்டுச் சூசையம்மாள் போய்க்கொண்டிருப்பாள். உதை விழுந்த ஒவ்வொரு தடவையும் அவளேதான். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சூசையம்மாளுக்குச் செண்பகனூரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. வெயில் நாளில் டவுன் பஸ்ஸில் போவாள். மழை பெய்தால் பஸ் சேற்றுக்குப் பயந்து இந்தப் பக்கம் வராது. அன்றைக்கு மட்டும் குறுக்குப் பாதை. அதே மழைக்கு லூர்துசாமியின் கொட்டகை ஒழுகும். அன்றைக்கு மட்டும் அவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கறப்பார். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், பழனி ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது தள்ளிவிட்டுப் போன கறுப்புக் கோட்டு அது. அந்தக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு தன் கழுத்தில் ஊசி குத்தியதைச் செவலை மறக்கவில்லை. மாடு என்பதால் அதனிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

“மதினி, இனி இந்தப் பக்கம் வராதீங்க. உங்க கண்ணு பொல்லாத கண்ணு. மாடு மிரளுது.”

“வேதக்காரன் பேசுற பேச்சாய்யா இது? கண்ணாம் கண்ணு!”

“நான் வேதக்காரந்தான். மாடு ஞானஸ்நானம் வாங்கலையே!”

“நீ வாங்குனதே வீணாப் போச்சு. தள்ளுய்யா, சோலிக்கு நேரமாச்சு. இன்னொரு நாள் பிந்துனா வரவே வேண்டாம்னுட்டாங்க.”

லூர்துசாமி பாதையில் மூங்கில் படல் கட்டினார். அவள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த மழையில் கோட்டும் கம்புமாக மறித்து நின்றார். அவள் முழங்கையில் ஓர் அடி விழுந்தது. அப்படியும் போனாள்.

அதற்கும் அடுத்த மழைக்கு ஒரு யுக்தி செய்தார். கறக்கவும் வேண்டும், காவலும் வேண்டும், ஆளோ ஒன்று. கோட்டைக் கழற்றிப் படல் இருந்த இடத்தில் ஒரு கம்பில் மாட்டி, தொப்பியும் வைத்தார். மூடுபனியில் அது லூர்துசாமியைவிட லட்சணமான லூர்துசாமியாக நின்றது. சூசையம்மாள் பார்த்தாள். முழங்கை வலித்தது. திரும்பி, ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

கொட்டகையில் லூர்துசாமி நனைந்துகொண்டே கறந்தார். செவலை காலை அசைக்கவில்லை.

“பாத்தியா செவலை! அவ வரல, நீ உதைக்கல!” என்று மாட்டிடமே சொன்னார். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

விடுதியில் சூசையம்மாளை உள்ளே விடவில்லை. வேலை போயிற்று. நேராகக் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள்; ஆள் மாறிவிடக் கூடாதென்று லூர்துசாமியின் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சொல்லித் தண்டனை கேட்டு மன்றாடினாள். மழை விடவில்லை. கோட்டைக் காவலுக்குக் கொடுத்துவிட்டுத் தினமும் நனைந்த லூர்துசாமி, நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார்.

“மாட்டை விட்டுட்டு இப்ப என்மேல கண்ணு வச்சிட்டா. எல்லாம் அவதான்,” என்று பார்க்க வந்தவர்களிடம் இருமலுக்கு நடுவில் சொன்னார்.

செய்தி சூசையம்மாளுக்குப் போயிற்று. அவள் மறுக்கவில்லை.

“ஆமா, நாந்தான். சோலியைக் கெடுத்தவனைச் சும்மா விடுவேனா?”

வாழ்நாளில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். மறுநாள் வெள்ளனே எழுந்தாள். போக வேண்டிய வேலை இல்லை, நேரம் நிறைய இருந்தது. கடையில் இருப்பதிலேயே தடித்த மெழுகுவர்த்தியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, லூர்துசாமி இருமும் ஜன்னலோரமாகவே கோயிலுக்கு நடந்தாள்.