அட்டையில் ஐந்து பொத்தான்

அன்றைக்குக் கரோல் பாக்கில் அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், ஆறு வயது மகள், கைப்பயிற்சி கொடுக்கும் பெண். டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண் அவர்.

மகளுக்குப் பிறந்ததிலிருந்தே விரல்களில் பிடிமானம் குறைவு. சட்டைப் பொத்தானைத் தானே போடத் தெரிந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சேர்க்கை வெள்ளியோடு முடிகிறது. போடுகிறாள் என்று இந்தப் பெண் எழுதித் தர வேண்டும்.

நாலு தடவை வந்ததற்கே பணம் கட்ட முடியாமல் நின்றுவிட்டோம். மூன்று மாதம் வீட்டிலேயே நான் பழக்கினேன். ராஜ்மாப் பயறைத் தட்டில் கொட்டிப் பொறுக்கவிட்டேன்; மூக்கில் போட்டுக்கொள்வாளோ என்று ஒவ்வொரு தடவையும் எண்ணி எடுத்துவைப்பேன். துணி கிளிப்பை டப்பா விளிம்பில் மாட்டவைத்தேன். வீட்டுக்காரரின் சட்டை முன்பக்கத்தை வெட்டி, மிக்சி வந்த பெட்டியின் அட்டையில் தைத்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். இவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்று நினைத்து நினைத்தே தைத்தேன்.

மேசைமேல் அட்டையை வைத்ததும் ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டாள்.

“அச்சா! இதை யாருக்கா பண்ணது?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார்.

“இவதான் மேடம். பழைய சட்டைன்னு சொல்லி என் நல்ல சட்டையை வெட்டிட்டா,” என்றார் வீட்டுக்காரர்.

“சரி பாப்பா, இப்ப உன் சட்டைக்குப் போடு, பாக்கலாம்.”

அதுவும் வீட்டுக்காரரின் சட்டையை வெட்டிச் சின்னதாக்கியதுதான். மகள் குனிந்தாள். பொத்தான் இருந்த பக்கத்தை விட்டு விரல்கள் எதிர்ப்பக்கம் தேடின. துணியைக் கசக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, அட்டை குடு.”

அட்டையை எடுக்கப் போன என்னை அந்தப் பெண் தடுத்தார்.

“அட்டை அவளுக்கு எதிர்ல இருந்துச்சுக்கா. எதிர்ல நிக்கிற ஆளுக்குப் போட்டுவிடற மாதிரி பழகிட்டா. அவ நெஞ்சுல கட்டிவிட்டிருக்கணும்.”

“மூணு மாசமும் தப்பாவா பழக்கினேன்?”

“விரல்ல பலம் வந்திருக்கு. ஆனா இன்னைக்கு எழுதித் தர முடியாது.”

“ஒரு வரிதானே மேடம், எழுதிடுங்களேன்,” என்றார் வீட்டுக்காரர். அந்தப் பெண் தலையாட்டவில்லை. வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் வராந்தாவிலேயே உட்கார்ந்து, என் துப்பட்டாவால் அட்டையை மகளின் நெஞ்சில் கட்டினேன். பழகியதை அந்த விரல்கள் மூன்று நாளில் மறக்க வேண்டும். முதல் பொத்தானே நழுவியது. உள்ளே கொடுத்த கட்டணச் சீட்டை வீட்டுக்காரர் நீட்டினார். அன்றைய அறுநூறும் சேர்ந்து, பாக்கி மூவாயிரம் ரூபாய்.