கவட்டையில் ஒரு செம்பு ரிவெட்

லவ்டே டிரெம்பாத்தின் அடுப்புப் பக்கம் எந்த ஆம்பளை வந்து குந்தினாலும், அவள் வாயிலிருந்து முதலில் வருவது ஒன்றுதான்: "கொஞ்சம் தள்ளி உக்காரு." கரிசனம் என்றுதான் அந்த நெவாடா சுரங்க ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். கிழவியான பிறகும் அவள் அதை விடவில்லை.

இளவயதில் அவள் சைலஸ் கோரமின் கடையில் தையல்காரி. கூடாரமும் குதிரைப் போர்வையும் தைக்கிற கடை. கூடவே, பின்னாளில் உலகமே ஜீன்ஸ் என்று மாட்டிக்கொண்ட முரட்டு நீலக் காற்சட்டை. வெள்ளி தோண்டுகிறவர்கள் பாறைத் துண்டும் உளியும் பையில் திணித்துக்கொண்டு இறங்குவார்கள். பை கிழிந்ததும் வந்து அவளைத் திட்டுவார்கள். திட்டுப் பொறுக்காமல் ஒருநாள், போர்வை வாரில் அடிக்கிற குட்டை ஆணியான செம்பு ரிவெட்டை எடுத்துப் பையின் மூலைகளில் வைத்து அடித்தாள். அதன்பின் பை கிழியவில்லை.

ஊர் கூடிய சந்தையில் கோரம் ஒரு பெட்டிமேல் ஏறினான். "இது என் மூளையில உதிச்சது!"

வண்டியோட்டி ஏசா புரூயிட் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். "லவ்டே அம்மணி அடிச்சதை நான் கண்ணால பாத்தேனே, முதலாளி?"

"சுத்தி அவ கையில இருந்துச்சுப்பா, மூளை எங்கிட்ட இருந்துச்சு. ஊசி புடிக்கிறவளுக்கு யோசனை வேறயா?"

கூட்டம் சிரித்தது. அவளைப்போல இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து பிழைக்க வந்த சொந்தச் சனமும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குள் கங்காகக் கிடந்தது.

சுரங்க முகாம்களுக்குச் சரக்கு கொண்டுபோகும்போது, சமையல் நெருப்பை ஒட்டிக் காலை அகட்டிக் குந்தியபடி தன் புராணத்தை அளப்பது கோரமின் வழக்கம். செம்பு எவ்வளவு சீக்கிரம் சூடேறும் என்று லவ்டேக்குத் தெரியும். அடுத்த பயணத்துக்கு அவன் கேட்ட காற்சட்டையில், கவட்டைத் தையல்கள் கூடுமிடத்தில் ஒரு ரிவெட்டை அடித்தாள்.

"இங்க எதுக்கு?"

"குந்தறப்போ கிழிஞ்சு உங்க மானம் போயிடக் கூடாதுல்ல, முதலாளி."

அவனுக்கு மகா திருப்தி. ஏசாவின் வண்டியில் அவன் கிளம்பிய அன்றே, பண்டிகைக்குச் சுடுகிற குங்குமப்பூ ரொட்டியைச் சுட்டுத் தின்றாள்.

முதலில் திரும்பியவன் கோரம்தான். நன்றாகவே நடந்தான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடையில் வியாபாரிகளைச் சுற்றி உட்காரவைத்து அவன் பேசிக்கொண்டிருந்தபோது, காலை அகட்டி அகட்டி உள்ளே வந்தான் ஏசா. வழியில் ஏசாவின் துணி கிழிந்துபோக, கோரம் தன் காற்சட்டையைக் கொடுத்து, "இதைப் போட்டுக்கிட்டு முகாம் முகாமாப் போ, சரக்கு விக்கும்" என்று அனுப்பியிருக்கிறான்.

"கவட்டையில ரிவெட் வெச்ச புண்ணியவான் யாரு?"

"தழும்பைக் காட்டு மாப்ள!" என்று வாசலில் எவனோ கத்தினான்.

லவ்டே வாயைத் திறந்தாள். அதற்குள் கோரம், வியாபாரிகள் பார்க்க, நெஞ்சை நிமிர்த்திவிட்டான். "இந்தக் காற்சட்டையில இருக்கிற ஒவ்வொரு ரிவெட்டும் என் யோசனை!"

"ஒவ்வொண்ணுமா?"

"ஒவ்வொண்ணும்!"

ஏசா விட்ட குத்தில் கோரமின் முன்பல் தெறித்தது. கூட்டம் சிரித்தது, அதே சனம், அதே சிரிப்பு. அப்புறம் அவன் எங்கே பெருமை பேசினாலும், "கவட்டை மூளை வந்துட்டாருடா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். லவ்டேயின் நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஆனால் குத்தியதற்காக ஷெரீப் ஏசாவை ஊரைவிட்டே துரத்தினார். போகும்போது அவன் அவள் முன் நின்றான். "உங்களுக்கும் சேத்துத்தான் குடுத்தேன், அம்மணி."

அவளுக்காக வாய் திறந்த ஒரே ஆள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி தீர்த்த ருசி போய்விடும் என்று பயந்தாளா, அவன் முகம் மாறுவதைப் பார்க்கப் பயந்தாளா? தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு அவன் அளவுக்கு ஒரு காற்சட்டை தைத்தாள், கவட்டையில் ரிவெட் இல்லாமல். அவன் ஐடஹோ பக்கம் போனதாகக் கேள்வி. யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவள் செத்த அன்றும் அந்தக் காற்சட்டை அடுப்புக்கு எட்டாத சுவரில், மடிப்புக் கலையாமல் தொங்கியது.