கலைத்துவிட்டு வருகிறோம்

ஆட்டு மேய்ப்பன் ஈனக் பாஸ்கின் உடம்பை வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது, ஈட்டி முறிந்து பாதி உள்ளேயே இருந்தது. கெசியா ட்ரெலோர் அதைப் பிடுங்கவில்லை. செத்தவனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முகத்தைக் கழுவினாள், தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள், கண்களை மூடினாள்.

அவள் இங்கிலாந்தின் கார்ன்வாலில் சுரங்கத் தொழிலாளி ஒருவனின் மகள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்கு வந்த கப்பலில் மருத்துவர் பாதி நாள் குடித்துக் கிடந்ததால், நடுக்கடலில் ஏழு பிரசவம் அவள் கையில் நடந்தது. இறங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அறுபது மைல் சுற்றளவில் யாருக்கு எலும்பு முறிந்தாலும், யாருக்கு வலி எடுத்தாலும், அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

கணவன் ஜோசாயாவை இங்கே வரவழைத்தவன் அவன் தம்பி சைலஸ். ஆறு வருடம் முன்பே வந்தவன். ஆட்டுப் பண்ணையும் அவனுடையது, அதிகாரமும் அவனுடையது. பாஸ்கின் பிணத்தைப் பார்த்துவிட்டு நேராகச் சமையலறை வாசலுக்கு வந்தான்.

"அண்ணி, உங்க பாலி நேத்து துணி துவைக்க வந்தாளா?"

"வந்தா." பாலி அந்த மண்ணின் பழங்குடிப் பெண், கெசியாவுக்கு வீட்டு வேலைக்கு வருபவள்.

"அவ ஆளுங்க இப்ப எங்க தங்கியிருக்காங்க?"

"எதுக்குக் கேக்குறே?"

"கலைச்சுவிட்டுட்டு வரணும். இல்லேன்னா நாளைக்கு இன்னொருத்தன் முதுகுல சொருகுவானுங்க."

"பாஸ்க் அவங்க பொண்ணு ஒருத்தியைச் சங்கிலி போட்டு வச்சிருந்தான். அதை யாரும் கேக்கலை."

"செத்தவனைப் பத்தி என்ன பேச்சு அண்ணி? இடத்தைச் சொல்லுங்க."

கலைப்பது என்றால் கெசியாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். காய்கறித் தோட்டத்தில் கங்காரு புகுந்தால் தகரத்தைத் தட்டுவார்கள், அது ஓடும். அவர்கள் கொஞ்ச நாள் தள்ளி இருப்பது அவர்களுக்கே நல்லது என்று நினைத்தாள். ஆண்களின் கோபம் தணியட்டும். இடத்தைச் சொன்னாள்.

"இரட்டைக் குளத்துக்கு மேற்கால, பாறை மறைவுல. முக்கால்வாசி பொம்பளைங்களும் குழந்தைங்களும்தான். தகரத்தைத் தட்டினாலே போயிடுவாங்க."

சைலஸ் சிரித்துவிட்டான். "தகரமா? சரி அண்ணி, தட்டிட்டு வர்றோம்."

ஜோசாயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கெசியா அதைக் கவனித்தாள். பாஸ்குக்காக வருந்துகிறான் என்று எண்ணிக்கொண்டாள்.

ஐந்து பேர் குதிரையில் போனார்கள். மறுநாள் விடிந்து அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது மேற்கே வெடிச்சத்தம் கேட்டது. முப்பது வரை எண்ணினாள். அதற்குமேல் எண்ணவில்லை. பசுவை அப்படியே விட்டு, பையை எடுத்துக்கொண்டு, கிழட்டுக் குதிரையின் மேல் ஏறினாள்.

பாதி வழியில் அவர்கள் எதிரே வந்தார்கள். ஜோசாயாவின் சட்டை முழங்கைவரை ரத்தத்தில் ஊறியிருந்தது. அது அவன் ரத்தம் இல்லை என்று ஒரு பார்வையிலேயே தெரிந்தது.

"போகாதே, கெஸ்."

"எத்தனை பேருக்குக் காயம்?"

"யாருக்கும் இல்லை." அவள் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தான். "அங்க உனக்கு வேலையே இல்லை. வீட்டுக்கு வா."

அவள் போனாள்.

குளத்தங்கரையில் நெருப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு கிழவர்கள், சுடப்பட்டவர்கள். ஒரு பெண்ணின் மண்டை, குதிரைச் சேணத்தின் இரும்பு மிதியால் உடைக்கப்பட்டிருந்தது. ஓடியவர்களுக்கு முதுகில் குண்டு. தண்ணீருக்குள் மூன்று பேர் குப்புறக் கிடந்தார்கள். பாஸ்க் வீட்டிலிருந்து தப்பி வந்த பெண்ணின் கணுக்காலில் சங்கிலி உரசிய தடம் இன்னும் புண்ணாகவே இருந்தது. கோரைப்புல்லுக்குள் பாலி கிடந்தாள். அவள் அடியில் அவளுடைய ஒரு வயதுப் பையன். போன வருடம் ஓடைக் கரையில் கெசியா கையில் பிறந்தவன். அவன் செத்துவிட்டிருந்தான். பாலிக்கு மூச்சு இருந்தது. இடது காறை எலும்புக்குக் கீழே குண்டு.

செத்தவர்கள் பன்னிரண்டு பேர். உயிரோடு ஒருத்தி. கெசியா பையனின் உடம்பைத் துணியில் சுற்றி, அங்கேயே செத்துக் கிடந்த அவன் பாட்டியின் பக்கத்தில் வைத்தாள். பாலியைக் குதிரைமேல் குறுக்கே போட்டுக் கட்டிக்கொண்டு நடந்தே திரும்பினாள்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் படுக்கவைத்து, உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். பாலியின் பற்களுக்கிடையில் தோல் வாரைக் கொடுத்தாள். சர்க்கரைக் கட்டி எடுக்கும் குறட்டைத்தான் காயத்துக்குள் விட வேண்டியிருந்தது. அதைவிட மெலிந்த கருவி வீட்டில் இல்லை. குண்டு வெளியே வந்ததும் ரத்தம் பீறிட்டது. கட்டைவிரலை உள்ளே அழுத்தி நின்றாள்.

அப்போது சைலஸ் துப்பாக்கியோடு உள்ளே வந்தான். ஜோசாயா அவன் பின்னால் வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"விலகு அண்ணி. இவ வாயைத் திறந்தா நம்ம அஞ்சு பேருக்கும் தூக்குக் கயிறு."

"விரலை எடுத்தா தானா செத்துடுவா. எடுக்க மாட்டேன்."

"நீ யார் பக்கம்?"

"இப்ப இவ பக்கம். துப்பாக்கியை வெளியில வை. தரை முழுக்கச் சேறாக்கிட்டே."

அவன் துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான். பாலியின் தலைக்கு வைத்த அடி. கெசியா இடது கையைக் குறுக்கே நீட்டினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் வாசலில் இருந்த ஜோசாயாவுக்கும் கேட்டிருக்கும். அவன் எழுந்திருக்கவில்லை. அவளுடைய வலது கட்டைவிரல் காயத்தை விட்டு நகரவில்லை.

"அடுத்த மாசம் டார்க்கஸுக்கு வலி எடுக்கும்," என்றாள். டார்க்கஸ் சைலஸின் மனைவி. "குழந்தை இன்னும் தலைகீழாத் திரும்பலை. போன வாரம்தான் பாத்தேன். கால் முதல்ல வரும். அப்ப யாரைக் கூப்பிடுவே? துப்பாக்கியையா?"

"மிரட்டறியா?"

"உள்ளதைச் சொல்றேன். இவ செத்தா நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். உன் பொண்டாட்டி ரெண்டு நாள் கத்துவா. மூணாம் நாள் கத்த மாட்டா."

அவன் காறித் துப்பினான். மேசைக் காலை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனான். அடுத்த மாதம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவனே வந்து நின்றான். அவள் போனாள். கால்தான் முதலில் வந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

ஆனால் அதற்கு முன்பே பாலி போய்விட்டிருந்தாள். பத்தொன்பது நாள் கெசியா அவளைத் தன் படுக்கைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டாள். கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டுத்தான் தூங்கினாள். சீழ் வடிந்தது, காய்ச்சல் இறங்கியது, கறிச் சாறும் சாம்பலில் சுட்ட ரொட்டியும் உள்ளே போயின. இருபதாம் நாள் காலை பாலி எழுந்து நின்றாள்.

"மிசஸ். நாங்க அங்க இருக்கோம்னு யார் சொன்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். பாலி அதற்குப் பிறகு அங்கே இருந்தாலும் இருந்திருப்பாள்.

"நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"கலைக்கப் போறோம்னு சொன்னாங்க. விரட்டிவிடுவாங்கன்னு நெனச்சேன்."

பாலி கதவுக்குக் குறுக்கே கிடந்த நாற்காலியை நகர்த்தினாள்.

"உங்க பேச்சுதானே அது? உங்களுக்கே அர்த்தம் தெரியாதா?"

பதில் வருவதற்கு அவள் நிற்கவில்லை. இடது கையைத் தாங்கக் கட்டியிருந்த துணியைக் கழுத்திலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, பிரிகலோ புதர்க்காட்டுக்குள் நடந்தாள். கிளையை விலக்கியபோது இடது கை தோளுக்குமேல் உயரவில்லை. இனி உயராது என்பது கெசியாவுக்குத் தெரியும்.

கெசியா அந்த மண்ணில் மேலும் நாற்பத்தோரு வருடம் இருந்தாள். ஒன்பது பெற்றாள், நான்கைப் புதைத்தாள். மணிக்கட்டு கோணலாகவே கூடியது. ஜோசாயாவோடு ஒரே வீட்டில்தான் வாழ்ந்தாள்.

அவன் கிழவனாகி, குடும்ப வரலாற்றை எழுதிவைக்க ஆசைப்பட்டான். மகள் லவீனியா பேனாவோடு உட்கார்ந்தாள். கப்பல், முதல் குடிசை, முதல் கம்பளி மூட்டை என்று சொல்லிக்கொண்டே வந்தான். "அறுபத்திரண்டாம் வருஷம், இரட்டைக் குளத்துல கறுப்பருங்களைக் கலைச்சோம்."

கெசியா மடியில் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "கொன்னோம்னு எழுது, லவீனியா."

"எதுக்கும்மா இப்ப அது?"

"எத்தனை பேருன்னு உங்கப்பாவைக் கேளு."

ஜோசாயா விரல்களை மடக்கி எண்ணினான். "பதினொண்ணு இருக்கும்."

"பன்னெண்டு. குழந்தையை எண்ணாம விட்டுட்டாரு. அதையும் எழுது. வழி சொன்னது உங்கம்மான்னும் எழுது."

லவீனியாவின் பேனா நின்றது. "இதையெல்லாம் பேரப்பிள்ளைங்க படிப்பாங்கம்மா."

"அதுக்குத்தானே எழுதறே," என்றாள் கெசியா.