சாந்தியை நான் வாய் மூடவைத்த கதை

1. வெள்ளிக்கிழமை

சாந்தி முதன்முதலாக அந்நிய பாஷையில் ஜெபித்தபோது கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவன் நான்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், புக்கிட் காத்திலில் ஒரு டெரஸ் வீட்டு ஹால். மலாக்கா டவுனில் ஒரு தமிழ்ச் சபைக்கு நான் முழுநேர ஊழியன். டவுனிலிருந்து பெம்பான் எஸ்டேட்டுகள் வரை வீட்டு ஜெபங்கள் எல்லாம் என் பொறுப்பு. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம், வேதாகமக் கல்லூரிப் படிப்பு, பதினோரு வருட ஊழியம். சாந்தி எலக்ட்ரானிக் சாமான் செய்யும் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், ஆப்பரேட்டர். ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

தமிழும் இல்லாத, மலாயும் இல்லாத ஒரு பேச்சு அவள் வாயிலிருந்து தடையில்லாமல் வந்தது. ஹாலில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது.

பரிசுத்த ஆவி கொடுப்பதாக நாங்கள் நம்பும் அந்த வரத்துக்காக ஒன்பது வருடம் உபவாசம் இருந்தவன் நான். எழுப்புதல் கூட்டங்களில் வரிசையில் நின்று, கைவைத்து ஜெபிக்கத் தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறேன். ஒருமுறை ஈப்போவிலிருந்து வந்த ஊழியர், "நாக்கை லூசா விடுங்க பிரதர், அவரே பேசுவாரு" என்று என் தாடையைப் பிடித்தே ஆட்டினார். இரண்டு நாள் தாடை வலித்ததுதான் மிச்சம்.

2. ஒழுங்கு

இந்த விஷயத்தில் எங்கள் சபைக்குள்ளேயே கட்சி இருந்தது. போதகர், "அதெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோட முடிஞ்சுபோச்சுலா" என்பார். வாலிபர்களோ, "பாஷை பேசாதவனுக்கு ஆவியே இல்ல" என்பார்கள். குடுத்தா வாங்கிக்கிறோம், குடுக்காட்டி கேட்க மாட்டோம் என்று சிலர் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரிடம் பேசுகிறேனோ அவர் பக்கம் தலையாட்டுவேன். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு எஸ்டேட்டு வீடுகளில், "வரும்போது சாந்தியையும் கூட்டியாங்க பிரதர்" என்றார்கள். கொஞ்ச நாளில் அதுவும் மாறியது. "உங்களுக்கு வேலை இருந்தா பரவால்ல பிரதர், சாந்தி வந்தா போதும்."

அதைக் கேட்ட வாரம் முழுக்க வேதத்தைப் புரட்டினேன். ஜெபிக்க அல்ல, ஆயுதம் தேட. கிடைத்தது. பாஷையில் பேசினால் அதற்கு அர்த்தம் சொல்ல ஓர் ஆள் வேண்டும், ஆள் இல்லாவிட்டால் சபையில் பேசக்கூடாது என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு ஒழுங்கு எழுதியிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பேச ஆரம்பித்ததும் எழுந்து நின்றேன்.

"அர்த்தம் சொல்ல யாராச்சும் இருக்கீங்களா?"

ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நானே முடித்தேன்.

"அப்ப சிஸ்டர் பேசக்கூடாது. நான் சொல்லல, வேதம் சொல்லுது."

சாந்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சரி பிரதர்" என்றாள். அதோடு தலையைக் குனிந்துகொண்டாள். விஷயம் தெரிந்து போதகர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்று வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன்.

3. வார்டு

நான்கு மாதம் கழித்து, பெம்பானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த சின்னப்பன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல் கெட்டுப்போய், டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். மத்தியானம் போய் வேதம் வாசித்தேன். நன்றாகவே ஜெபித்தேன்.

"நல்லா இருந்துச்சு பிரதர்" என்றார். பிறகு, "சாந்தி வரலியா?" என்று கேட்டார்.

வந்திருந்தாள். ஷிப்ட் முடிந்து, கிலாங் யூனிபார்மோடு எனக்குப் பின்னால்தான் நின்றாள்.

"பாப்பா, அன்னிக்கு நம்ம வீட்டுல ஜெபிச்சியே, அந்த மாதிரி ஒருக்கா ஜெபிம்மா" என்றார் அண்ணன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "பிரதர், இங்க அர்த்தம் சொல்ல ஆள் இல்ல. ஜெபிக்கலாமா?"

அதில் கேலி இல்லை. சாகக் கிடக்கிறவரின் கட்டில் பக்கத்தில் நின்று, என் பொறாமையிடம் அனுமதி கேட்டாள்.

அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால், தனக்குள்ளும் கடவுளிடமும் பேசிக்கொள்ளலாம் என்று அதே வசனத்தின் பின்பாதி சொல்கிறது. எனக்கு அது மனப்பாடம். அவளுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் பாதியில் நிறுத்தினேன்.

"மீதி வசனத்தை நான் சொல்லாம விட்டுட்டேம்மா. சபைக்குக் கேக்காம, தனியா கடவுள்கிட்ட பேசலாம். தப்பே இல்ல. நீ ஜெபி."

அவள் கட்டிலருகே வந்தாள். "வீட்டுலகூட பேசக்கூடாதுன்னு நெனச்சேன் பிரதர். அந்தப் பாஷை வர்றப்பல்லாம் வாயைப் பொத்திக்கிட்டேன். ரெண்டு மாசமா வர்றதே இல்ல."

அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பாஷை வருமென்று காத்திருந்தோம். வரவில்லை. கடைசியில் திக்கித் திணறித் தமிழிலேயே ஜெபித்தாள்: "ஆண்டவரே, அண்ணனுக்கு வலிக்குது. பயமா இருக்குதாம். கூடவே இருங்க. விட்டுட்டுப் போயிடாதீங்க." அவ்வளவுதான். அண்ணன் அவள் கையை விடவே இல்லை. மறுநாள் இறந்துபோனார்.

ஊழியத்துக்கு வரும் தம்பி தங்கைகளே, பாஷை விஷயத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் எனக்கு வழக்கில்லை. இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஆனால் ஒருவரின் வாயை மூட வசனம் தேடுகிறீர்கள் என்றால், அவரிடம் இருக்கிற எது உங்களுக்கு வேண்டும் என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். நான் ஒத்துக்கொள்ள நான்கு மாதம் ஆனது. ஒத்துக்கொண்டதால் குணமாகிவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். அன்று வார்டில் அவள் திக்கித் திணறிச் சொன்ன அந்த நாலு வரித் தமிழைக் கேட்டும் எனக்குப் பொறாமைதான் வந்தது.