தபால்காரர் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்

காட்டர் பின் என்பது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஓர் இரும்பு முளை. பழைய சைக்கிளில் பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடித்திருப்பது அதுதான். நாற்பது வருஷ மழை அதற்குள் இறங்கிவிட்டால், வெளியே வரமாட்டேன் என்று சண்டித்தனம் பண்ணும். அன்றைக்கு மத்தியானம், பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையின் பின்கொட்டகையில் பொறி அதைச் சுத்தியலால் போட்ட போட்டில், முன்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெயின்டர் டிபன் பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“யாரைம்மா கொல்றே?”

“எங்கப்பாவை.”

“அவர்தான் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டாரே!”

“அப்ப சரியாப் போகலை,” என்று சொல்லிவிட்டு மறுபடி ஓங்கினாள். பதினோராவது அடியில் முளை தெறித்துப் போய்த் தகரச் சுவரில் மோதியது. பெயின்டர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காது இருந்தது.

பொறி என்பது மேஸ்திரி வைத்த பெயர். வெல்டிங் பண்ணினாலும் பறக்கும், வாயைத் திறந்தாலும் பறக்கும் என்பதால் வைத்தார். வயது நாற்பத்திரண்டு. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், “ஒரு ஆம்பளைகிட்ட வாங்கினதே இன்னும் ஆறலை, அடுத்தவனுக்கு உடம்புல எங்க இடம்?” என்று கேட்டு அனுப்பிவிடுவாள். வலது கை உலக்கை மாதிரி இருக்கும். இடது மணிக்கட்டில் மட்டும் ஒரு மேடு. அந்தக் கையில் ஐந்து விரலும் மடங்கும். ஆனால் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழியச் சொன்னால் பழம்தான் ஜெயிக்கும்.

அந்த மணிக்கட்டுக்கும் இந்தச் சைக்கிளுக்கும் பழைய பகை.

அப்பா தபால்காரர். தெருவில் யாரைக் கேட்டாலும் உருகுவார்கள். மூன்றாம் வீட்டு டீச்சர் மூக்கால் பாடுவாள்: “கொட்டுற மழையில கடுதாசியை மார்போட அணைச்சுக் கொண்டுவந்து குடுப்பாரே, அந்த மனுஷன்!” மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தங்கம்ங்க, சொக்கத் தங்கம்,” என்பார். அந்தச் சொக்கத் தங்கத்தின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் அம்மா அடுப்பைச் சின்னதாக்குவாள். அண்ணன் கட்டிலுக்கு அடியில் போவான். அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இவள் போவாள். சைக்கிள் பாரில் செருகியிருக்கும் காற்றடிக்கிற பம்பு வீட்டுக்குள் வரும். முதலில் அம்மா. அப்புறம், “கட்டிலுக்கு அடியில யாரு மூச்சு விடறது?”

பதினொரு வயதில் ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது இவள் சைக்கிளை எடுத்துவிட்டாள். பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத் தெருக்கடைசி வரை போய்விட்டாள். அங்கே இறக்கம். கம்பி பிரேக், பெரிய ஆள் இரண்டு கையாலும் உயிரைக் கொடுத்துப் பிடித்தால்தான் யோசித்து யோசித்து நிற்கும். பிள்ளைக் கைக்கு அது நிற்கவே இல்லை. நேரே போய்ச் சுவரில் மோதியது.

இவளுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. மட்கார்டு நெளிந்திருந்தது. அப்பா வந்தார். முதலில் மட்கார்டைப் பார்த்தார். அதை நிமிர்த்தினார். அப்புறம் இவளை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

“எந்தக் கையால பிரேக் பிடிச்சே?”

“ரெண்டு கையாலயும்ப்பா.”

“வலது கை எழுதறதுக்கு வேணும்,” என்று சொல்லி, இடது கையை மேஜை விளிம்பில் வைத்தார். பம்பு இரண்டு தரம் இறங்கியது. முதல் அடியிலேயே எலும்பு உடைந்துவிட்டது. இரண்டாவது அடி சும்மா. கட்டிலுக்கு அடியில் இருந்த அண்ணன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகவில்லை. இரண்டு அளவுகோலை வைத்து, பார்சல் கட்டுகிற நேர்த்தியோடு அவரே கட்டினார். முகவரி எழுதாததுதான் குறை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்த பிறகு அம்மா சொன்னாள்: “அந்தச் சனியனை என் கண்ணுல படாம எடுத்துட்டுப் போ. உடைச்சு எடைக்குப் போடு.”

“உடைச்சா ஒரே நாள்ல முடிஞ்சுடும்மா. நான் ஓட்டப் போறேன்.”

“எந்தக் கையால பிரேக் பிடிப்பே?” என்று கேட்டுவிட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நியாயமான கேள்விதான். இரண்டு மாசம் பொறி அதைத்தான் யோசித்தாள். பழைய சைக்கிளில் கறுப்புச் சட்டமும் கேரியரும் மட்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் புதுசு என்று முடிவு பண்ணினாள்.

இதற்கு நடுவில் அண்ணன் வந்தான். மரச்சாமான் கடையில் வேன் ஓட்டுகிறவன். அப்பாவின் தொண்டை அப்படியே அவனுக்கு வந்திருந்தது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் முதுகு கூசும். தபால்காரர் சங்கத்தின் புதுக் கட்டடத்தில் அப்பாவின் சைக்கிளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சங்கத் தலைவர் பேசுவதே முத்திரை குத்துகிற மாதிரி இருக்கும்: “சைக்கிள். அப்படியே. ஒரிஜினலா. வரணும்.” இவன் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

கொட்டகைக்குள் நுழைந்தவன் உரித்துக் கிடந்த சட்டத்தைப் பார்த்தான்.

“ஏய், என்னடி பண்ணி வெச்சிருக்கே?”

“பிரேதப் பரிசோதனை.”

“ஒரு நட்டு மாறக்கூடாதுன்னு தலைவர் சொல்லியிருக்காரு! அப்பா பேரு அதுல இருக்கு!”

“இங்கயும் இருக்கு,” என்று இடது மணிக்கட்டைக் காட்டினாள். “இதையும் பெட்டியில வைப்பாங்களா? அது கிடக்கட்டும், அண்ணி உதடு எப்படி இருக்கு? செவ்வாய்க்கிழமை வீக்கம் வடிஞ்சுதா?”

பளாரென்று அறைந்தான். பொறி எச்சிலைத் துப்பினாள், சிவப்பாக விழுந்தது. பெயின்டர் எட்டிப் பார்க்கவும் அவன் குரலைத் தாழ்த்தினான். “ஞாயித்துக்கிழமை காலையில இது பழையபடி நிக்கணும். இல்லே, உன் இன்னொரு கையையும் நான் பார்த்துக்கறேன்.”

அதோடு அவளுக்குப் பழையபடி பூட்டுகிற ஆசை சுத்தமாகப் போயிற்று.

புதுப் பின்சக்கரத்தின் ஹப்பு, அதாவது நடுக்குடம், நூற்று முப்பத்தைந்து மில்லி அகலம். பழைய சட்டத்தின் பின்கவட்டில் நூற்றுப் பதினைந்துதான் இடம். கவட்டுக்கு நடுவே நீளமான மரைக்கம்பியைக் கொடுத்து, இரண்டு பக்கமும் நட்டைத் திருகித் திருகி விரிக்க வேண்டும். இரும்பு முனகியது. அளவுக்கு வந்ததும் நிறுத்தினால் விட்டவுடனே பழைய இடத்துக்கு ஓடிவிடும். அதனால் அளவைத் தாண்டி, இன்னும் தாண்டி, உடையுமோ என்று பல்லைக் கடிக்கிற வரைக்கும் போக வேண்டும். மூன்று தரம் விரித்தாள். நூல் பிடித்துப் பார்த்தாள், கவட்டின் இரண்டு காலும் சமமாக விலகியிருந்தன. டிஸ்க் பிரேக் உட்கார ஒரு தகட்டைப் பின்சட்டத்தில் பற்றவைத்தாள். மெல்லிய குழாய், ஒரு கணம் அதிகமானால் ஓட்டை விழும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பழைய போர்க் தாங்காது என்று தடித்த புதுப் போர்க் போட்டாள். பின்னால் எட்டு கியர்.

கடைசியில் பிரேக். மூன்று சக்கர வண்டிக்காரர்களுக்கென்று ஒரு லீவர் விற்கிறது: ஒரே பிடி, அதிலிருந்து இரண்டு ஒயர். அதை வாங்கி வலது பக்கம் மாட்டினாள். ஒரு விரல் வைத்தால் இரண்டு சக்கரமும் நிற்கும். இடது பக்கம் வெறும் கைப்பிடி மட்டும். சக்கரத்தின் கோட்டம் எடுத்து, அதைச் சுழற்றி, ஒரு விரலால் தொட்டாள். கப்பென்று நின்றது. பத்துத் தரம் சுழற்றிப் பத்துத் தரம் நிறுத்தினாள். பெயின்டர், “பிள்ளை பெத்தவ மாதிரி சிரிக்கிறே,” என்றார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லோரும் போனபின் பொறி சைக்கிளை வாசலுக்குத் தள்ளிவந்தாள். முதல் ஓட்டம். காலைத் தூக்கிப் போடப் போனாள், அண்ணன் வாசலில் நின்றான். கையில் வேன் டயர் கழற்றும் கம்பி.

சைக்கிளை மேலும் கீழும் பார்த்தான். முகம் கறுத்தது. “அப்பாவைக் கொன்னுட்டியேடி!”

“லேட்டாதான் கொன்னிருக்கேன். நகரு.”

கம்பி அவள் தோளில் விழுந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் இன்னொன்று முதுகில். மூன்றாவது அடிக்குக் குனிந்து, தலையால் அவன் முகத்தில் மோதினாள். மூக்கு நெறிந்த சத்தம் இருவருக்குமே கேட்டது. அவன் கம்பியை விட்டுவிட்டு அவள் கழுத்தைப் பிடித்தான். இருவரும் இரும்புத்தூள் மேல் உருண்டார்கள். அவன் அவள் கூந்தலைச் சுற்றித் தலையைத் தரையில் இடித்தான். ஒரு பல் ஆடியது. அவள் கைக்கு ஒரு பழைய பெடல் கட்டை அகப்பட்டது. அதாலேயே அவன் காதோரம் ஒன்று வைத்தாள். அவன் பிடி தளர்ந்தது. அடுத்த கணம் அவள் அவன் நெஞ்சில் முட்டி போட்டிருந்தாள், தரையில் கிடந்த சுத்தியல் அவள் வலது கையில் இருந்தது, அது தலைக்கு மேல் போயிருந்தது.

அண்ணன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

முகத்தை மறைக்கவில்லை, தலையை மறைக்கவில்லை. வாயை மட்டும்தான் பொத்தினான். சத்தம் வெளியே வரக்கூடாது என்கிற மாதிரி. ஐம்பது வயதை நெருங்கும் ஆள்.

சுத்தியல் இறங்கியது, அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில். சிமெண்டு பெயர்ந்தது. “போடா,” என்றாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் டா.

அவள் எழுவதற்குள் அவன் வயிற்றில் ஓர் உதை விட்டான். அவள் சுருண்டாள். அவன் சைக்கிளைப் பறித்து ஏறி மிதித்தான். பட்டறையிலிருந்து ஊருக்கு ஒரே இறக்கம். “தலைவர்கிட்ட இப்படியே காட்டறேன்டீ!” என்று கத்திக்கொண்டே போனான். முப்பது கஜத்தில் வேகம் பிடித்துவிட்டது. வளைவு வந்தது.

அப்பாவின் சைக்கிளை இளவயதில் ஓட்டியவன் அவன். அதை எப்படி நிறுத்த வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். இரண்டு கையும் உயிரைக் கொடுத்துப் பிடித்தன. இடது கையில் ஒன்றும் இல்லை. வலது கையில், ஒரு விரலுக்கென்று செய்த லீவர், நாலு விரலோடு மொத்தப் பயமும் அதன்மேல் விழுந்தது. இரண்டு சக்கரமும் அந்த இடத்திலேயே நின்றன. அண்ணன் நிற்கவில்லை.

பொறி வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவன் ரோட்டோரம் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது.

“பிரேக்கு...” என்றான்.

“ஒரு விரல் போதும். நீ அப்பாவோடதுன்னு நினைச்சுப் பிடிச்சிருக்கே.” ஹேண்டில்பார் திரும்பியிருந்தது. முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவே இடுக்கி நேராக்கினாள். “பின்னால ஏறு.”

“வண்டி ஏதாவது கூப்பிடு.”

“இந்த மேட்டுக்கு எவன் வருவான்? ஏறுடா.”

ஏறினான். இறக்கம் முழுக்க ஒரு விரலை வைத்தே போனாள். ஒவ்வொரு குழிக்கும் அவன் அவளைத் திட்டினான், அவள் குழியைத் தேடித் தேடி விட்டாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவர் மூக்கு?”

“நான்,” என்றாள் பொறி.

“உங்க பல்லு?”

“நான்,” என்றான் அண்ணன்.

“இந்தக் கை?”

“சைக்கிள்!” இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தகவல் தெரிந்து அண்ணி வந்தாள். கீழுதட்டில் செவ்வாய்க்கிழமைக் காயம் இன்னும் காயவில்லை. புருஷனைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

“ஆறு வாரம் மாவுக்கட்டு இருக்கணும்,” என்றாள் டாக்டர். “கையைத் தூக்கவே கூடாது.”

அண்ணி மெதுவாகக் கேட்டாள்: “எட்டு வாரமா போடலாமா டாக்டர்?”

“தேவையில்லைம்மா, ஆறு போதும்.”

“எனக்குத் தேவை.”

டாக்டர் அந்த உதட்டைப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள். மாவுக்கட்டுத் துணியை நனைத்துக்கொண்டிருந்த நர்ஸ் கையை நிறுத்தினாள். அண்ணன் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் போன். குரல் அறை முழுக்கக் குத்தியது: “சைக்கிள். நாளைக்கு. எத்தனை மணிக்கு?”

அண்ணன் தன் வலது கையைப் பார்த்தான். அப்புறம், “திருடு போயிடுச்சுங்க தலைவரே,” என்றான்.

“எப்போ? யாரு? புகார்?”

“தெரிஞ்ச ஆளுதான். விட்டுடுங்க.” போனை வைத்தான்.

“உண்மையைச் சொல்லியிருக்கலாமே,” என்றாள் பொறி.

“அதுக்கு இன்னொரு கையும் உடையணும்டீ.”

“அதுக்கென்ன, நான் இருக்கேன்.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, உதடு மறுபடி வெடித்தது. நர்ஸ் பஞ்சு கொடுத்தாள்.

கட்டுப் போட்டு முடியும்போது அவன் முணுமுணுத்தான்: “திருட்டு வண்டியை அதே கறுப்புல ஓட்டித் திரியாதே. வேற கலர் அடி.”

“என்ன கலர்?”

“எனக்கென்ன தெரியும்?”

“மஞ்சள்,” என்றாள் அண்ணி, பஞ்சுக்குப் பின்னாலிருந்து. “தெருமுனையில திரும்பறப்பவே உள்ளே இருக்கறவங்களுக்கு நீதான்னு தெரியணும்.”

பொறி பெயின்டருக்குப் போன் போட்டு, மஞ்சள் இருக்கிறதா என்று கேட்டாள். பஸ்ஸுக்கு அடித்ததில் அரை டப்பா மிச்சம் இருக்கிறது, திங்கட்கிழமை சைக்கிளைக் கொண்டுவா என்றார் அவர்.