ஒழுக்கத்துக்கு ஓட்டுத் தையல்

அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளாத பெண்ணை சைகோனில் நான் பார்த்ததில்லை. அப்புறம் உடுப்பு இறுக்கிப் பிடிக்கிறது என்று திட்டு வாங்குவது நாம்தான். ஊசி பிடிக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? காரைக்காலில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கே ஒரு தையல் மிஷினோடு காலம் தள்ளுகிறேன். 1962-ல் அரசாங்கம் நடனத்தைத் தடை செய்து ஒழுக்கச் சட்டம் போட்டபோது நான் பட்ட கவலையை, அதை எழுதினவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு இழுப்பு

சட்டம் வந்த வாரமே ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, மதாம் ஹுவோங், தன் நடன உடுப்போடு வந்து நின்றார். முதுகு முழுக்கத் திறந்த பட்டு உடுப்பு. நடன விடுதிகளை மூடிவிட்டார்கள். இனி அதை ஞாயிறு பூசைக்குப் போட வேண்டுமாம், முதுகை அடைத்துத் தர வேண்டுமாம். துணி வைத்து மிஷினில் அடிக்கப் போனேன். பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்: “மிஷின் வேண்டாம், கையால ஓட்டுத் தையல் போதும். ஒரே இழுப்பில பிரியணும். சட்டம் எத்தனை நாளைக்கோ, யார் கண்டா!”

நீலச் சால்வை

எங்கள் பங்குச் சாமியார் மட்டும் சும்மா இருப்பாரா? கை தெரிய உடுத்தி வருகிறவளுக்கு நன்மை, அதான் பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம், கிடையாது என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். நீளக் கை தைக்க வேலை குவியும் என்று கனாக் கண்டேன். ஒருத்திகூட வரவில்லை.

மறு ஞாயிறு பூசையில் காரணம் தெரிந்தது. கோவிலில் ஒரு நீலச் சால்வை தோளுக்குத் தோள் நடந்துகொண்டிருந்தது. நன்மை வாங்கித் திரும்புகிறவள் கழற்றி, போகிறவள் மேல் போடுவாள். பூசை முடிந்ததும் சாமியார் வாசலில் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்: “லூர்து, இன்னைக்கு நான் நன்மை கொடுத்ததெல்லாம் ஒரே சால்வைக்குத்தான் போல.”

அது யார் விஷயம்?

விடுதியை மூடியதில் வேலை போனவள் லான். கூலிக்கு ஆடி, கான் ஹொய் துறைமுகப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாய்க்குக் கஞ்சி ஊற்றியவள். பொத்தான் தைக்கிறேன் என்று வந்தாள், வைத்துக்கொண்டேன். அதில்தான் வந்தது வினை.

கோவில் மாதர் சபைத் தலைவி தெரேசம்மா நம் காரைக்கால்காரி; புருஷன் கோர்ட்டில் குமாஸ்தா. பிள்ளைகள் முதல்முதலாக நன்மை வாங்கும் நாளுக்கான புதுநன்மை உடுப்பெல்லாம் அவள் கைகாட்டும் கடையில்தான் தைப்பார்கள். என் வருஷச் சோறே அந்த வேலைதான். “ஆடினவ கை பட்ட உடுப்பை எம்பொண்ணு போடணுமா? அவளை அனுப்பு, இல்லாட்டி ஒரு உடுப்பும் உனக்கில்லை” என்றாள். அனுப்பினால் அவள் எங்கே போவாள் என்று கேட்டேன். “அதுக்குத்தான் சட்டம் இருக்குல்ல!” சட்டம் தெரிந்த அவள் புருஷனைக் கேட்டால், “அது கோவில் விஷயம்” என்றார். கோவிலுக்கு ஓடினேன். சாமியார் செபமாலையை உருட்டிக்கொண்டே சொன்னார்: “அது உன் மனச்சாட்சி விஷயம், மகளே.”

பின்வாசல்

என் மனச்சாட்சிக்குக் கைகாட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. புலம்பிக்கொண்டே லானை வைத்துக்கொண்டேன். புதுநன்மை உடுப்புகள் வேறு கடைக்குப் போயின. எங்கள் கஞ்சி தண்ணியாயிற்று.

புதுநன்மைக்கு முந்தின நாள் என் கடைப் பின்வாசலில் தெரேசம்மா, மகளோடு. அந்தக் கடையில் அளவெடுத்தபோது ‘வயித்தை எக்குடி’ என்று மிரட்டியது இந்தத் தாய்தானாம். இப்போது உடுப்புக்குள் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. “லான்தான் பிரித்துத் தைப்பாள்” என்றேன். தெரேசம்மா தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி, தைக்கட்டும். சபையில மட்டும் சொல்லிடாதே” என்றாள். “கேட்டால் சொல்வேன்” என்றேன். பயந்துகொண்டே அளவு நாடாவை லானிடம் நீட்டினேன். லான் நாடாவோடு பிள்ளை முன் குனிந்தாள். பிள்ளை பழக்கத்தில் வயிற்றை எக்கியது. லான் சிரித்தாள்: “மூச்சை விடு தங்கச்சி, இங்க யாரும் உன்னைச் சோதிக்கலை.”

பிறகு ஆட்சி கவிழ்ந்தது, விடுதிகள் திறந்தன. மதாம் ஹுவோங்கின் முதுகுத் தையலை ஒரே இழுப்பில் உருவிக் கொடுத்தவளும் லான்தான்; இன்னும் என்னிடம்தான் பொத்தான் தைக்கிறாள். சட்டமும் பிரசங்கமும் அளவெடுக்கிற நேரத்துக்கு ஊரையே வயிற்றை எக்க வைத்துவிடும், மூச்சு விட்டதும் தையல் பிய்ந்தால் திட்டு மட்டும் நமக்கு.