சிறுத்தைக்குள் போன வேட்டி

என் தையல் மெஷினை மூடியிருப்பது பாதி வேட்டி. பச்சைக் கரை ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். மறு பாதி எங்கே என்று பேத்திகள் கேட்டால், சிறுத்தைக்குள்ளே போய்விட்டது என்பேன். சிரிப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவள், கதை மட்டும் கட்டுகிறாளே என்று நினைப்பார்கள். ஆனால் அது நடந்தது.

அறுபதுகளின் கடைசி. திருச்சுழிப் பக்கத்தில் எங்கள் ஊர். என் அண்ணன் மனைவி, மதினி, மெத்தை தைப்பவர். எனக்குக் கல்யாணம் ஆகுமுன் அவருக்குக் கூடமாட உதவினேன். எங்கள் ஒற்றை அறையில் பஞ்சு பறந்து சோற்றிலும் விழும். டவுனில் தனியாக ஓர் அறை வேண்டும் என்பதே மதினியின் ஓயாத பேச்சு. அப்போதுதான் அருப்புக்கோட்டையில் பஞ்சு வியாபாரம் செய்யும் வீட்டின் முதலாளியம்மா ஒரு சிறுத்தைத் தோல் விரிப்பைத் தந்தார். கழுத்தருகே ஒரு முழத்துக்கு வெடித்திருந்தது. அடித்துணியைப் பூச்சி தின்றிருந்தது. "மகளப் பொண்ணு பாக்க வர்றாக. இது கூடத்துல நல்லபடியா விரிஞ்சு கெடந்தா, டவுன ஒட்டி பாளையம்பட்டியில சும்மா கெடக்குற கடை ரூம ஒனக்கே விடுறேன்" என்றார்.

தோல் வேலை மதினிக்குப் புதிது. "புலியும் துணிதான் புள்ள. முடி மொளச்ச துணி" என்றார். காய்ந்த தோலில் ஊசி இறங்கவில்லை. உள்பக்கத்தில் ஈரச் சாக்கைப் போட்டு இளக்கி, வெடிப்பை இழுத்துச் சேர்த்துத் தைத்தோம். தையலில் மாட்டிய முடியைப் பேன் சீப்பால் வாரி வெளியே எடுத்தேன். வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை! மதினி குலவை போட்டார். அந்த ஈரத்தோடேயே புது அடித்துணியை வைத்து விளிம்பைச் சுற்றித் தைத்தோம். தறியிலிருந்து அப்போதுதான் இறங்கிய சிவப்புத் துணி. நனைத்துக் காயவைக்காத துணி சுருங்குமே என்று முணுமுணுத்தேன். "வாய்க்குள்ளயே பேசுனா வயித்துக்குத்தான் கேக்கும்" என்று மதினி சிரித்தார்.

மறுநாள் விடியுமுன் இருட்டிலேயே அண்ணனின் பழைய வேட்டியில் சிறுத்தையைச் சுருட்டிக் கட்டி பஸ் ஏறினோம். மூட்டையிலிருந்து வால் எட்டிப் பார்த்தது. "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர். "மடியிலதான் ஒக்காந்திருக்கு. அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்றார் மதினி. பஸ்ஸே சிரித்தது.

கூடத்தில் விரித்தோம். தரையில் படியவில்லை. தோலின் ஈரத்தை வாங்கிய துணி இரவோடு இரவாகக் காய்ந்து சுருங்கியிருந்தது. ஓரங்கள் உள்ளே இழுபட, சிறுத்தை முதுகைத் தூக்கிக்கொண்டு பாயப் போவதுபோல் நின்றது. "என்னடி இது? கார் வர்ற நேரத்துல!" என்றார் முதலாளியம்மா. மதினி முதுகை அமுக்கினார். கையை எடுத்ததும் அது மறுபடி எழுந்தது. எதற்கும் பதில் வைத்திருக்கும் மதினி அதை அமுக்கிக்கொண்டே இருந்தார். அறை கையை விட்டுப் போவது அவர் முகத்தில் தெரிந்தது.

"நடுவுல கிழிங்க மதினி!"

அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற சத்தம். என் தொண்டைதான்! தோலைப் புரட்டிப் போட்டேன். மதினி ஊசிப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார். தலையிலிருந்து வால்வரை சிவப்புத் துணியைக் கிழித்தேன். படக்கென்று துணி இரண்டு பக்கமும் விலக, தோல் பாய்போலப் படுத்தது. இடைவெளியில் வைக்கத் துணி? இனிச் சுருங்காத, ஆயிரம் வெளுப்புக் கண்ட துணி பக்கத்திலேயே கிடந்தது. வேட்டியை நீளவாக்கில் பாதியாகக் கிழித்தோம். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தைத்தோம். நான் முடிச்சுப் போடவும் வாசலில் கார் நிற்கவும் சரியாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. "புதுசு மாதிரில்ல வச்சிருக்காக" என்றார்.

சாயங்காலம் பாளையம்பட்டி அறையின் சாவியோடு வீடு திரும்பினோம். "என் பச்சக் கரை வேட்டி எங்க?" என்று அண்ணன் தேடினார். "பாதி இங்க இருக்கு. மீதிய சிறுத்தை உடுத்தியிருக்கு" என்றார் மதினி.

அந்த அறைக்கு வாங்கிய மெஷின்தான் இது. மதினி போன பிறகு எனக்கு வந்தது. தினமும் வேட்டியை எடுத்து உதறும்போது அதன் கிழிந்த விளிம்பு விரலில் படும். ஊர்த் துணிக்கெல்லாம் ஓரம் அடித்தவள் நான். அந்த ஓரத்தை மட்டும் இன்றுவரை மடித்துத் தைத்ததில்லை.